ராணி மடையை அடைச்சது எதுக்கு

கண்ணு,

உன்ற காயிதம் வியாழக்கிழமை வந்துச்சு. நீ சௌக்கியமா இருக்கேன்னு எழுதுன ரெண்டு வரியை உங்கம்மா எடுத்துக்கிட்டா. மிச்சம் ரெண்டு பக்கத்தை என்ற பக்கம் தள்ளி உட்டுட்டா, ஏன்னா அது முச்சூடும் விளையாட்டுச் சமாச்சாரம். பூனாவுல கூட வேலை பாக்கற பசங்களோட ஞாயித்துக்கிழமை கூடி அந்தக் கதை விளையாட்டை ஆடறீங்க, எல்லாம் வெட்டுக்குத்தாவே போகுது, அன்னைக்கு நம்ம லாரி செட்டுல உக்காந்து சண்டையே இல்லாத கட்டம் ஒண்ணு அமைச்சமே, அதை எப்படி அமைச்சோம்னு ஞாபகம் இருக்கறதை எழுதுங்கன்னு கேட்டிருக்கறே. லாரிக்காரன் கிட்ட ராட்சசக் கதைக்கு விதி கேக்கற மகன் இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்தனாத்தான் இருப்பே. எழுதறேன். ஆனா அதோட உன்ற கல்யாணச் சங்கதி ஒண்ணும் கலந்து கெடக்குது. தை மாசம் உனக்கு இணைச்சீர் செய்யப் போறது யாருங்கறதுதான் அது. கூடப்பொறந்தவ சேலையோட ஒரு முனை உன்ற கையிடுக்குல, மறுமுனை அவ கையில இருந்து அந்தச் சீர் நடந்தாத்தான் நம்ம பக்கம் மாப்பிள்ளை மணவறைக்குப் போகலாம். உனக்குக் கூடப்பொறந்தவ கிடையாது. சித்தப்பன் மக சாந்தாமணிதான் உனக்கு அக்கா. அவ ஏழு வருசமா நம்மூட்டு வாசப்படி மிதிக்கல. ரெண்டையும் பிரிச்சு எழுத எனக்குத் தெரியல. ஒட்டுக்காவே எழுதறேன், பொறுமையாப் படி.

நீ அந்தப் பெட்டியைக் கொண்டாந்தது காலேஜு ரெண்டாவது வருச லீவுல. ஹாஸ்டல்ல கூட இருந்த பையனோட மாமா அமெரிக்காவுல இருந்து வாங்கியாந்ததுன்னு சொன்னே. நான் தாயக்கட்டை பாத்தவன், பரமபதம் பாத்தவன். இருபது மூஞ்சி இருக்கற காயை அன்னைக்குத்தான் பாத்தேன். உருட்டி உருட்டிப் பாத்துட்டு, "காய் நகத்தற பலகை எங்கடா?"ன்னேன். "பலகையே இல்லீங்கப்பா. ஒருத்தன் கதை சொல்லுவான். மத்தவங்க ஆளுக்கொரு வேசம் எடுத்துக்கிட்டு, நான் இப்ப இன்னது பண்றேன்னு சொல்லோணும். அது நடக்குமா நடக்காதான்னு காய் சொல்லும்"னே. எனக்குப் புடிபடல. புடிபடாததை உட்டுட்டுப் போறது என்ற சுபாவமில்ல, அது எஞ்சினா இருந்தாலும் சரி, விளையாட்டா இருந்தாலும் சரி. டயரை உருட்டற சாக்குல, கிரீஸ் டப்பா தேடற சாக்குல உங்களையே சுத்திக்கிட்டு இருந்தேன். ஒரு ஞாயித்துக்கிழமை, உங்களோட ஆடற ஓமலூர்ப் பையனுக்குக் காய்ச்சல். நீயும் ஜலகண்டாபுரத்துக் குமரேசனும் மட்டும் உக்காந்திருந்தீங்க. "ஒரு கை குறையுதுங்கப்பா, சும்மா உக்காருங்க"ன்னே. அப்படித்தான் நான் தாடி வெச்ச குள்ளனா ஆனேன், கையில ஒரு கோடாலி. உங்கம்மா எட்டிப் பாத்து, "தாடி ஒண்ணுதான் புதுசு"ன்னு சொல்லிட்டுப் போனா.

கதை இதுதான். மலை மேல ஒரு ராணி. ஆத்துத் தண்ணியை மடை போட்டு அடைச்சு வெச்சிருக்கறா. கீழ இருக்கற ஊரெல்லாம் காயுது. நாங்க போய் மடையைத் தொறக்க வைக்கோணும். கோட்டை வாசல்ல காவக்காரன் நிக்கறான். நான் மரியாதையா, "ஐயா, ராணியம்மாவைப் பாக்கோணும்"னேன். "உருட்டுங்கப்பா"ன்னே. உருட்டுனேன், ரெண்டு உழுந்துச்சு. "கதவைச் சாத்திட்டான்"னே. "அப்பறம்?" "அப்பறம் என்னுங்கப்பா, வெட்டிட்டு உள்ள போக வேண்டியதுதான்." எனக்கு வந்துச்சு பாரு கோவம்! "ஏண்டா, வெட்டறதுக்கு மட்டும் ஆளு சாயற வரைக்கும் உருட்டிக்கிட்டே இருக்கலாம், வாய்ல பேசறதுக்கு ஒரே ஒரு உருட்டா? அது எந்த ஊரு நாயம்?"னு கத்துனேன். குமரேசன் சிரிச்சான். நீ சிரிக்கல. புஸ்தகத்தைப் பொரட்டிப் பொரட்டிப் பாத்தே. பக்கம் பக்கமா வாளும் ஈட்டியும்தான் இருந்துச்சு, பேச்சுக்கு அரைப் பக்கம்கூட இல்ல. "நெசந்தானுங்கப்பா"ன்னு நீ சொன்னப்ப உன்ற மூஞ்சியைப் பாத்தேன். தோத்த மூஞ்சியா அது? புதையலைக் கண்டவன் மூஞ்சி. அன்னைக்குத்தான் எனக்கும் இந்தக் கிறுக்குப் புடிச்சுது.

அப்ப நான் சொன்ன முட்டை லோடு கதை உனக்கு ஞாபகம் இருக்கும். பூனாப் பசங்களுக்கும் அதையே சொல்லு, ஏன்னா விதியெல்லாம் அதுலதான் பொறந்துச்சு. ஆந்திராவுல மழை, தரைப்பாலம் அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு. பக்கத்துக் காட்டுக்குள்ள பூந்து போனா அக்கட்ட ரோடு ஏறலாம். காட்டுக்காரர் குறுக்க வந்து நின்னுட்டார். முந்துன நாள் போன லாரி அவரோட கடலைக்காட்டை உழுதுட்டுப் போயிருக்குது. நான் பழக்கதோசத்துல சத்தம் போட்டேன். அவர் ஊருக்குள்ள போயி நாலு பேரைக் கூட்டியாந்துட்டார். ஒரு தரம் தோத்தோம். என்ற மாத்து டிரைவருக்குத் தெலுங்கு வரும். அவன் வரப்புல உக்காந்து கடலை என்ன ரகம், எத்தனை நாள் ஆச்சுன்னு வெசாரிக்க ஆரம்பிச்சான். ஒரு ஜெயிப்பு. நான் வாயை மூடிக்கிட்டுத் தடம் நடந்து பாத்து, செடியில்லாத ஓரமாக் கல்லு பரப்புனா வண்டி போகும்னு காட்டுனேன். ரெண்டாவது. இப்படியே போயிப் பொழுது சாயறப்ப அக்கட்ட ஏறினோம். ஒரு பகல் போச்சு, ஆறு தட்டு முட்டையை அந்த ஊருக்குக் குடுத்துட்டு வந்தோம். "பாத்தியா, தோத்ததுக்குக் கூலி குடுத்தோம். ஆனா ரோடு அடைபடல. தோத்தா வழி சுத்தாப் போகோணும், கதவு சாத்தக் கூடாது"ன்னு நான் சொல்லச் சொல்ல நீ நோட்டுல எழுதிக்கிட்டே வந்தே. நான் சொல்றதை நீ எழுதிக்கிட்டது உன்ற ஆயுசுலயே அது ஒண்ணுதான்.

அப்பறம் புளியங்கொட்டை. நாலு கொட்டை இந்தப் பக்கம், மூணு கொட்டை அந்தப் பக்கம். மூணு தரம் தோக்கறதுக்குள்ள நாலு தரம் ஜெயிக்கோணும். மூணும் போச்சுன்னாலும் செத்தோம்னு அர்த்தமில்ல, மடை தொறக்கும், ஆனா நம்மள்ல ஒருத்தன் கோட்டையிலயே தங்கோணும். என்ன பெட்டு கட்டியிருக்கறோம்னு உருட்டறதுக்கு முன்னாலயே எல்லாருக்கும் தெரியோணும். அந்த விதி உன்றது, நல்ல விதி. ஒருத்தனே பேசிக்கிட்டிருந்தா மத்தவன் கொட்டாவி உடுவான், அதனால ஆளுக்கு ஒரு வேலை இருக்கோணும். குமரேசன் திருடன் வேசம். பேச்சுல திருடனுக்கு என்ன வேலைன்னு பாத்தா, அவன் ராணி சேலையைப் பாத்தானாம், இந்தக் கரை கீழ்நாட்டுத் தறியில நெய்ததாச்சேன்னானாம். தறிக்காரனூட்டுப் பையன் வேற எதைப் பாப்பான்! ஜெயிப்புன்னே. அதுல ருசி கண்டுட்டு அவன் அடுத்ததும் சேலை, அதுக்கடுத்ததும் சேலைன்னு ஆரம்பிச்சான். மோர் கொண்டாந்த உங்கம்மா, "ஒரே வெல்லத்தை எத்தன தடவ ஊட்டுவே சாமி, திகட்டாதா?"ன்னா. செஞ்ச வித்தையே மறுபடி செஞ்சா செல்லாதுன்னு அதையும் எழுதிக்கிட்டே.

அவ அதோட போயிருந்தா இந்தக் காயிதமே இல்ல. சொம்பைக் கீழ வெச்சுட்டு நின்னா. "ஏங்கண்ணு, அந்த ராணி எதுக்கு மடையை அடைச்சா?"ன்னு கேட்டா. நீ முழிச்சே பாரு! கதை கட்டுனவன் நீ, கோட்டைக்கு எத்தன படி, காவக்காரனுக்கு எத்தன பல்லுன்னெல்லாம் எழுதி வெச்சிருந்தே. அது மட்டும் நோட்டுல இல்ல. "அதை யோசிக்கலீங்கம்மா." "அவளுக்கு என்ன கொறைன்னே தெரியாம எதைச் சொல்லித் தொறக்க வெப்பீங்க? நல்லாருக்குது உங்க சாமர்த்தியம்"னுட்டு அவ பாட்டுக்கு எருமைக்குத் தண்ணி காட்டப் போயிட்டா. பூனாப் பசங்களுக்கு வேற எதைச் சொன்னாலும் சொல்லாட்டியும் இதைச் சொல்லு. எதுத்தாப்புல நிக்கற ஆளுக்கு என்ன வேணும்னு கதை சொல்றவனுக்குத் தெரியோணும், அதுக்கப்பறந்தான் காயைக் கையில எடுக்கோணும்.

அடுத்த ஞாயித்துக்கிழமை நீ அதை எழுதிக்கிட்டு வந்தே. ராணியோட மகன் ஆத்துல போயிட்டான். கீழ்நாட்டுல இருந்து ஒருத்தன்கூடத் துக்கம் கேக்க வரல. தண்ணி மட்டும் கேட்டு ஆளு அனுப்பறாங்க. அதை நீ ராணி குரல்ல சொல்லி முடிச்சே. குள்ளன் பேசோணும், நாந்தான் குள்ளன். எனக்கு நாக்கு எழும்பல. கடைசியில, "வராதது தப்புத்தான் தாயி"ன்னு மட்டும் சொன்னேன். நீ காயையே உருட்டச் சொல்லல, கொட்டையை எடுத்து இந்தப் பக்கம் வெச்சே. அந்தக் கதையை நீ வேணும்னேதான் அப்படி அமைச்சியா, தன்னால வந்துச்சான்னு மூணு வருசமா எனக்கு ஒரு யோசனை. இது வரைக்கும் கேக்கல. இப்பவும் பதில் எழுத வேண்டாம்.

என்னத்துக்கு நாக்கு எழும்பலைன்னு உனக்கு முழுசாத் தெரியாது. கெணத்துத் தண்ணிச் சண்டை தெரியும். ஒரு கெணறு, எனக்கும் உன் சித்தப்பனுக்கும் நாள் விட்டு நாள் முறை. என்ற முறையில கரண்டு போச்சு. அந்த ரெண்டு மணி நேரத்தை நான் மறுநாள் அவன் முறையில எடுத்துக்கிட்டேன். அவன் வந்து மோட்டாரை நிறுத்துனான். நாலு வார்த்தை அவன் பேசுனான், நாப்பது வார்த்தை நான் பேசுனேன். இது எந்தத் தோட்டத்துல நடக்காதது? தானா ஆறிப் போயிருக்கும். ஆனா அடுத்த வாரமே அவன் பொண்டாட்டியோட, தட்டுல வெத்தலை பாக்கு வெச்சு, மக கல்யாணத்துக்கு அழைக்க வந்தான். நான் லாரிக்கு அடியில படுத்து கிரீஸ் வெச்சுக்கிட்டிருந்தேன். அவங்க காலு ரெண்டு சோடி என்ற கண்ணுக்கு நேரா வந்து நின்னுச்சு. "அண்ணா, சாந்தாமணிக்குக் கல்யாணமுங்க"ன்னான். நான் எந்திரிச்சு வரல கண்ணு. அடியில கெடந்துக்கிட்டே, "வெச்சுட்டுப் போ, பாக்கலாம்"னேன். தம்பி மக கல்யாணத்துக்குப் பெரியப்பன் சொல்ற வார்த்தையா அது? கொஞ்ச நேரம் அந்தக் காலெல்லாம் அங்கயே நின்னுச்சு, அப்பறம் போயிருச்சு. கல்யாணத்துக்கு நான் போகல, உங்கம்மாவையும் உன்னையும் உடல. அப்ப நீ பத்தாவது.

இப்ப உன்ற கல்யாணம் முடிவாச்சு. இணைச்சீருக்கு யாருன்னு பொண்ணூட்டுக்காரங்க கேட்டப்ப, "எங்க தம்பி மக இருக்கறா"ன்னு என்ற வாய் தன்னால சொல்லிருச்சு. உங்கம்மா என்னை ஒரு பார்வை பாத்தா. வகையறாவுல வேற புள்ளைக இல்லாமலா? ஆனா உனக்கு நடை பழக்குனவ அவ, சைக்கிள் பழக்குனவ அவ. சொல்லியாச்சு, போகோணும். எப்படிப் போறதுன்னு யோசிச்சப்ப எனக்கு உன்ற விளையாட்டுத்தான் ஞாபகம் வந்துச்சு. சிரிக்காதே. சட்டையோட இடது பையில ஏழு புளியங்கொட்டை போட்டுக்கிட்டுப் போனேன். ஜெயிச்சா வலது பையிக்கு ஒண்ணு மாத்தறதுன்னு கணக்கு.

மொத நாள் போனேன். உன் சின்னம்மா சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தா. ஒரு கொட்டை. உன் சித்தப்பன் திரும்பிப் பாக்காம மாட்டுக்குத் தீனி போட்டான். அது தோல்வி. ரெண்டாவது நாள் கரண்டுக் கதையை நானே எடுத்து, "உன்ற முறையை நான் எடுத்தது தப்புத்தான்"னேன். அவன், "அது போச்சாதுங்க உடுங்க"ன்னான். ரெண்டு கொட்டை. மூணாவது நாள் லாரிக்கு அடியில கெடந்ததைச் சொன்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தான், ஆனா எந்திரிச்சுப் போகல. மூணுன்னு எடுத்துக்கிட்டேன். நாலாவது கொட்டைக்கு, "சாந்தாமணியை அனுப்பி வைப்பா"ன்னு கேட்டேன். அப்பத்தான் நிமுந்து என்னைப் பாத்தான். "ஏனுங்கண்ணா, எங்கிட்ட எதுக்கு மூணு நாளாக் கேக்கறீங்க? கல்யாணம் எனக்கா நடந்துச்சு? அவளுக்குத்தான் நடந்துச்சு. அவ கிட்டப் போய்க் கேளுங்க"ன்னான். மூணு நாளா நான் காவக்காரன் கிட்டயே கொட்டை எண்ணிக்கிட்டு இருந்திருக்கறேன், கண்ணு! மடை யாரு கையில இருக்குதுன்னே பாக்கல. இதையும் உன்ற நோட்டுல எழுதிக்க.

நேத்து மேச்சேரிக்குப் போனேன். அவளைக் குடுத்த ஊடு சந்தையில இருந்து ஒரு மைல், ஆட்டுப்பட்டி வெச்சிருக்கறாங்க. மாப்பிள்ளை மேய்ச்சலுக்குப் போயிட்டார், இவ ஒரு குட்டியை மடியில போட்டு வாயைத் தொறந்து மருந்து ஊத்திக்கிட்டிருந்தா. என்னைப் பாத்ததும் குட்டியை இடுப்புல இடுக்கிக்கிட்டு எந்திரிச்சா. "வாங்க பெரீப்பா"ன்னா. தண்ணி குடுத்தா, கட்டில் போட்டா. அவ உக்காரல. பையில கொட்டை இருந்துச்சு, நான் தொடல. எதைச் சொல்லி ஆரம்பிக்கறதுன்னு நான் தடுமாறுறப்ப அவளே கேட்டுட்டா. "எங் கல்யாணத்தன்னைக்கு எங்கீங்க போயிருந்தீங்க?"

லோடுக்குப் போயிருந்தேன்னு அன்னைக்கே ஊருக்குச் சொல்லியிருந்தேன். உங்கம்மாவுக்கும் அதுதான் தெரியும். சாந்தாமணி கிட்டப் பொய் சொல்ல முடியல. "உங்க பந்தலுக்கு இக்கட்ட, ரோட்டு வளைவுல வண்டியை நிறுத்திட்டு ஸ்டேரிங்கைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன் சாமி. ரேடியோ செட்டுப் பாட்டுக் கேட்டுச்சு, கெட்டிமேளம் கேட்டுச்சு. எறங்கி வரோணும்னுதான் நிறுத்துனேன். எறங்கல. பந்தி ஆரம்பிச்சதும் போயிட்டேன்"னேன். அவ குட்டியைக் கீழ உட்டா. "ஆரன் அடிச்சிருக்கலாமில்லீங்க பெரீப்பா? உங்க வண்டி ஆரன் எனக்குத் தெரியாதுங்களா? நானே எறங்கி வந்து கூட்டிக்கிட்டுப் போயிருப்பேன்"னா. அறுபது வயசுக் கெழவன், ஆட்டுப்பட்டி முன்னால உக்காந்து அழுதேன். இதை எழுத எனக்கு வெக்கமில்ல.

கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, இணைச்சீருக்கு வருவியான்னு கேட்டேன். வந்துருவான்னு நம்பித்தான் கேட்டேன். அவ தலையை ஆட்டுனா, இல்லைங்கற மாதிரி. "உங்க மேல கோவம் இப்பப் போயிருச்சுங்க. தம்பி மேலதான் போகல. நீங்களும் எங்கப்பாவும் சண்டை போட்டீங்க. அவனுக்கும் எனக்கும் என்னுங்க சண்டை? நான் புள்ளை பெத்தேன், அதுக்கு அஞ்சு வயசாச்சு, அதோட பேரு அவனுக்குத் தெரியுமுங்களா? காலேஜுக்குப் போனான், வேலைக்குப் போனான், ஒரு காயிதம் போட்டிருந்தா என்னுங்க? சேலை முனையைப் புடிக்க மட்டும் அக்கா வேணுமா?"ன்னா. நான் உனக்காக வாயைத் தொறந்தேன். "நீங்க பேசாதீங்க பெரீப்பா"ன்னு சொல்லிட்டா.

உன்னைக் குத்தம் சொல்லல. என்ற கோவத்தை நீ பேசாமத் தோள்ல வாங்கிக்கிட்டே, அப்பனுக்கு மகன் செய்யற மரியாதைன்னு நெனச்சிருப்பே. அது தப்புன்னு நானும் ஒரு நாள்கூடச் சொல்லித் தரல. ஆனா இதுல உனக்கு விதி எழுதித் தர என்னால ஆகாது. சரின்னு சொல்லுவாளான்னும் எனக்குத் தெரியாது. சொல்லாட்டிக் கல்யாணம் நிக்காது, வேற புள்ளையை வெச்சுச் சீர் நடந்துரும். உனக்கு அக்கா மட்டும் இருக்க மாட்டா. கல்யாணத்துக்குன்னு வெச்சிருக்கற லீவுல நாலு நாளை இந்த மாசமே எடு. சேலத்துல எறங்கி மொதல்ல மேச்சேரி பஸ் ஏறு, நம்மூட்டுக்கு அப்பறம் வந்துக்கலாம். நான் கூட வரமாட்டேன், உங்கம்மாவும் வரமாட்டா. முன்கூட்டியே அவளுக்கு எழுதிப் போட்டுட்டுப் போகலாம்னு உனக்குத் தோணும், எனக்குத் தெரியும். வேண்டாம். காயிதம் போடற காலம் தாண்டிப் போச்சு கண்ணு, நேர்ல போய் நில்லு.

உன்ற அப்பன்